ஓரிக்கு முப்பது சதவீதக் கழிவு

2012-ல் நான் ப்ளஸ் டூ. தமிழ்நாட்டில் கரண்ட் எப்போது இருக்கும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாத வருடம் அது. முள்ளுக்குறிச்சியில் ராத்திரி விளக்கு அணைந்தால் தெருவே திண்ணைக்கு வந்துவிடும். நானும் வருவேன், மடியில் கவர்மெண்ட் லேப்டாப்போடு. பேட்டரி இரண்டு மணி நேரம் தாங்கும். அதற்குள் ஒரு பேரரசைக் கட்டி முடித்தாக வேண்டும்.

விளையாட்டு, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் இரண்டாம் பாகம். அமெரிக்காவில் டல்லாஸ் பக்கம் இருந்த என்செம்பிள் ஸ்டுடியோஸ் 1999-ல் வெளியிட்டது. அப்போது எனக்கு நாலு வயது. பதிமூன்று வருடம் கழித்து ராசிபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் பத்து ரூபாய் கொடுத்துப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். திருட்டு நகல்தான், ஒத்துக்கொள்கிறேன்.

'கிளாசிக் கேம்' என்ற வார்த்தையை இப்போது ஆங்கிலத்தில் வாசிக்கும்போதெல்லாம் அதில் ஒரு ஏக்கம் ஒட்டியிருக்கிறது. சின்ன வயதில் விளையாடியது, அப்பா வாங்கித் தந்தது, அந்தப் பெட்டியின் வாசனை. எங்களுக்கு அப்படியில்லை. கிளாசிக் என்றால் நம்ம மெஷினில் ஓடுவது, அவ்வளவுதான். இலவச லேப்டாப் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. எனக்குக் கிடைத்ததில் புது விளையாட்டு எதையும் திறந்தால் ஃபேன் கத்தும், திரை உறையும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் கேட்டதோ 166 மெகாஹெர்ட்ஸ் பென்டியமும் 32 எம்பி நினைவகமும். எங்கள் கிராமத்துக்கு அது புது ரிலீஸ். அதனால்தான் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே தன் வயதுக்குச் சம்பந்தமில்லாத விளையாட்டுகளை விளையாடி வளர்ந்தது. நாங்கள் தேர்ந்தெடுத்தது எதுவுமில்லை, எங்களுக்கு மிஞ்சியது அது.

அதற்கும் முன்னால் பள்ளிக்கூட லேபில் பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா. 1989-ல் ஜோர்டன் மெக்னர் ஆப்பிள் டூ கணினிக்காக எழுதியது. தன் தம்பியை ஓடவும் தாவவும் வைத்துப் படம்பிடித்து, அந்த அசைவுகளைச் சட்டகம் சட்டகமாக வரைந்தார். எங்கள் லேபில் அதைத் திறக்க எல்லோருக்கும் ஒரு மந்திரம் தெரியும்: 'பிரின்ஸ் மெகாஹிட்' என்று அடித்தால் ஏமாற்று வேலைகள் எல்லாம் திறந்துவிடும். மெகாஹிட் என்ற சொல்லை விஜய் படப் போஸ்டருக்கு முன்பே அந்தக் கறுப்புத் திரையில்தான் பார்த்தேன் என்று நினைக்கிறேன்.

புதிர்-சாகச விளையாட்டுகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. 1993-ல் வந்த மிஸ்ட்டைப் பிற்பாடு விளையாடிப் பார்த்தேன். அழகு, அமைதி, எல்லாம் சரி. ஆனால் நோட்டுப் போட்டுக் குறிப்பெடுத்துக்கொண்டு எழுதினவன் மனசுக்குள் என்ன வைத்திருக்கிறான் என்று துழாவிக்கொண்டே இருக்க வேண்டும். பதில் ஒன்றுதான், அது அவனிடம் இருக்கிறது. டியூஷன் மாதிரி. ஒரே ஒரு புதிருக்கு மட்டும் தலை வணங்குவேன். பிரின்ஸில் நாலாம் கட்டத்தில் ஒரு கண்ணாடி வரும். அதற்குள் பாய்ந்தால் உன் நிழல் தனியாகப் பிரிந்து ஓடிவிடும். பிறகு அவன் உன் மருந்தைக் குடிப்பான், கதவைச் சாத்துவான். கடைசிக் கட்டத்தில் கத்தியோடு எதிரே நிற்பான். அவனைக் குத்தினால் உனக்கும் உயிர் குறையும். எத்தனை முறை செத்தேனோ. விடை: கத்தியை உறையில் போட வேண்டும். போட்டுவிட்டு அவனை நோக்கி நடந்தால் இரண்டு பேரும் ஒன்றாகிவிடுவார்கள். இன்னொரு எதிரியை வரைய நினைவகத்தில் இடமில்லாததால்தான் மெக்னர் இளவரசனின் படத்தையே நிழலாக்கினார் என்பதைப் பின்னால் படித்தபோது இன்னும் பிடித்துப்போனது. எங்கள் லேப்டாப் மாதிரியே இடமில்லாத மெஷினில் பிறந்த யோசனை.

வியூக விளையாட்டில் கத்தியை உறையில் போட முடியாது. அங்கே விஷயமே வேறு. மூன்று குடியானவர்கள், ஒரு குதிரைவீரன், கொஞ்சம் ஆடு. மரம் வெட்டு, பொன் எடு, கல் எடு, அடுத்த காலத்துக்குப் போ. இந்த இலக்கணத்தின் ஒரு வேர் 1991-ல் வந்த சிவிலைசேஷன். அதை சிட் மையரோடு சேர்ந்து வடிவமைத்த புரூஸ் ஷெல்லிதான் பிறகு என்செம்பிளில் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸிலும் இருந்தார். இந்த விளையாட்டில் எல்லா நாகரிகமும் 'இருண்ட காலத்தில்' ஆரம்பிக்கும். நமக்கும் களப்பிரர் காலத்தை அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், ஆகவே எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

ஒரு மனத்தாங்கல் மட்டும் இருந்தது. பட்டியலில் நாம் இல்லை. 1999-ல் பதிமூன்று நாகரிகங்கள், 2000-ல் வந்த கான்கரர்ஸில் இன்னும் ஐந்து. ஹூணர் உண்டு, மாயா உண்டு, கொரியர் உண்டு, இந்தியா கிடையாது. நான் பாரசீகர்களை எடுப்பேன், அவர்களுக்கு யானை இருந்தது என்ற ஒரே காரணத்துக்காக. 2013-ல் 'இந்தியர்கள்' என்று மொத்தமாக ஒன்றைச் சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில்தான் அதை உடைத்து வங்காளர், கூர்ஜரர், இந்துஸ்தானியர், திராவிடர் என்று பிரித்தார்கள். திராவிடர் படை தமிழ் பேசியது. ராஜேந்திர சோழனுக்குத் தனிப் படையெடுப்புக் கதை.

அப்போது நான் பெங்களூரில் வேலையில் இருந்தேன். ஹெட்போனில் ஒரு விறகுவெட்டி தமிழில் பதில் சொன்னபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெட்கமில்லாமல் சொல்கிறேன். கங்கை, கடாரம் எல்லாம் முடித்துவிட்டுத்தான் தூங்கினேன். 1025-ல் கடாரம் போன கப்பல்படையைப் பாடப்புத்தகத்தில் ஒரு வரியாகப் படித்தவனுக்கு அதை விரலால் நகர்த்துவது என்றால் சும்மாவா? உருக்குக்குக்கூட இடம் கொடுத்திருந்தார்கள். 'வூட்ஸ் ஸ்டீல்' என்ற தொழில்நுட்பத்தை வாங்கினால் உன் வீரர்களின் வாள் எதிரியின் கவசத்தை மதிக்காது. ஈரோடு பக்கம் கொடுமணலில் இரும்பையும் உருக்கையும் உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது, எங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் மாறினால் போகிற தூரம்.

அந்தப் பெருமை ஒரு மாதம் தாங்கியது. ஊருக்கு வந்தபோது, இந்த விளையாட்டோடு வரும் காட்சி அமைப்புக் கருவியில் எங்கள் மலையின் கதையைச் செய்து பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன். கொல்லிமலை. வல்வில் ஓரி. எதிரே மலையமான் திருமுடிக்காரி, பின்னால் சேரன்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கொல்லியை ஆண்டவன் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவன். முள்ளூர்த் தலைவனான காரி அவனைக் கொன்று மலையைச் சேரருக்குக் கொடுத்தான். இதை அகநானூற்றில் கல்லாடனார் சொல்கிறார். சின்ன வயதில் முள்ளூர் என்றால் நம்ம முள்ளுக்குறிச்சிதான் என்று நம்பி, துரோகியின் ஊர்க்காரன் ஆகிவிட்டோமே என்று கூசியிருக்கிறேன். அது திருக்கோவலூர்ப் பக்கத்து முள்ளூர்மலை என்று தமிழய்யா சொல்லித்தான் நிம்மதி. காரியும் வள்ளல்தான், அதே ஏழு பேர் பட்டியலில் இருக்கிறான். இதுதான் இந்தக் கதையில் என்னை விடாமல் தொந்தரவு செய்வது. ஒரு வள்ளல் இன்னொரு வள்ளலைக் கொன்று, கிடைத்த மலையையும் தானமாகக் கொடுத்துவிடுகிறான்.

மலையை எழுப்புவது சுலபம். மேட்டிலிருந்து அடித்தால் இருபத்தைந்து சதவீதம் கூடுதல் சேதம், கீழிருந்து மேலே அடித்தால் அதே அளவு குறைவு. ஓரிக்கு நல்லதுதான். அடுத்தது அவன் வில். புறநானூற்றில் வன்பரணர் பாடுகிறார்: விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போகிறது. இந்த விளையாட்டில் வில்லாளியின் அம்பு ஒருவனோடு நின்றுவிடும். ஒன்றைத் துளைத்து அடுத்ததுக்குப் போக எனக்குக் கிடைத்தது ஸ்கார்பியன் என்கிற பெரிய அம்பு எந்திரம்தான். ஆகவே என் ஓரி சக்கரம் வைத்த மரவண்டியாக மலைமேல் உருண்டான். பார்க்கச் சகிக்கவில்லை.

குதிரையில் அடுத்த சிக்கல். திராவிடருக்கு நைட் என்ற கனமான குதிரைப்படையே கிடையாது. பொதுவாக அது நியாயம்தான், நல்ல குதிரை கடல்வழியாக வந்து இறங்கிய நாடு இது. ஆனால் சிறுபாணாற்றுப்படை இந்த இரண்டு பேரையும் அவரவர் குதிரையோடு சேர்த்துத்தான் அறிமுகப்படுத்துகிறது. ஓரியின் குதிரை ஓரி, காரியின் குதிரை காரி. அவர்களுக்கு நான் கொடுக்க முடிந்தது ஒற்றன் ஏறுகிற மெலிந்த குதிரை.

இதையெல்லாம் ஒப்பேற்றிவிடலாம். ஒப்பேற்ற முடியாமல் நின்ற இடம் கொடை. விளையாட்டில் இன்னொருவனுக்குக் கொடுக்க ஒரே வழி சந்தை கட்டி, 'டிரிபியூட்' பொத்தானை அழுத்துவது. அந்தச் சொல்லுக்குத் தமிழில் திறை. நூறு நூறாக அனுப்பலாம், ஒவ்வொரு தடவையும் முப்பது சதவீதம் கழிவு. நாணயம் அச்சடிக்கும் நுட்பத்தை வாங்கினால் இருபது, வங்கியையும் வாங்கினால் கழிவே இல்லை. அதாவது ஓரி பாணனுக்கு ஒரு யானையை முழுசாகக் கொடுக்க வேண்டுமென்றால் முதலில் பேங்க் ஆரம்பிக்க வேண்டும்! சிரித்துவிட்டு, பிறகு கொஞ்ச நேரம் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இந்த எந்திரத்தில் ஜெயிக்க நாலைந்து வழி உண்டு. எல்லோரையும் அழிக்கலாம், அதிசயக் கட்டடம் எழுப்பி அதைக் காக்கலாம், நினைவுச்சின்னங்களைக் குவிக்கலாம். கொடுத்ததற்காக ஜெயிக்க வழியே இல்லை. ஓரியை இரண்டாயிரம் வருடம் கழித்தும் செம்மேட்டில் சிலையாக நிறுத்தி, ஆடி மாதம் விழா எடுப்பதற்குக் காரணம் எதுவோ, அதற்கு இந்த விளையாட்டில் ஒரு பொத்தான்கூடக் கிடையாது. ராஜேந்திரனுக்கு எல்லாப் பொத்தானும் இருக்கிறது. என் கண்ணீரை அன்றைக்குச் சந்தேகித்தேன்.

இதை ப்ளஸ் டூவிலேயே ஒருத்தன் எனக்குச் சொல்லியிருக்கிறான், நான்தான் கேட்கவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்து கீழே தங்கிப் படித்த கிளாஸ்மேட். ஒரு கரண்ட் இல்லாத ராத்திரி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தான்.

"ஏன்டா காட்ட பூராவும் வெட்டற?"

"கட்ட வேணும்டா. வயல் போட அறுவது கட்ட."

"வயலுக்கு எதுக்குடா கட்ட? வெத எங்க?"

"வெதயெல்லாம் கெடயாது."

"வெட்டுன மரம் மறுபடி மொளைக்குமா?"

"மொளைக்காது."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது அவன் விளையாட்டு தெரியாதவன். அவன் வீட்டில் அவன் பாட்டி காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு போட்ட நிலம் முழுக்க மரவள்ளிக்கு மாறியிருந்தது. கிழங்கு லாரியேறிக் கீழே ஜவ்வரிசி ஆலைக்கு இறங்கும், அரிசி மேலே ஏறும். மலைச் சிறுதானிய விதைகளைத் தேடிக் காப்பாற்ற எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே பல வருடம் வேலை செய்தது. பாக்சைட்டுக்காக மலையின் தலையையும் சுரண்டியிருக்கிறார்கள். விதை எங்கே என்ற கேள்வி அவனுக்கு வீட்டுக் கேள்வி.

என் தாத்தா அந்தத் திண்ணையில்தான் கட்டம் கீறி ஆடுபுலி ஆடுவார். மூன்று புலி, பதினைந்து ஆடு. புலி தாண்டிக் குதித்து ஆட்டை வெட்டும், ஆடு கூட்டமாக நின்று புலியை அடைக்கும். இரண்டு பக்கமும் சமமில்லை, காய் எண்ணிக்கை, நகர்வு, நோக்கம் எல்லாமே வேறு. 1998-ல் ஸ்டார்கிராஃப்ட் மூன்று இனங்களை முற்றிலும் வேறாக அமைத்ததைப் பெரிய புதுமையாகப் பேசுவார்கள். பேசட்டும், அது நல்ல விளையாட்டுதான். ஆனால் எங்கள் திண்ணையில் ஒரு ஆட்டம் முடிந்ததும் தாத்தா காய்களை மாற்றிப் போடுவார். "இப்ப நீ ஆடு, சாமி. இந்தப் பக்கம் வந்து உக்காரு" என்பார். புலியாக ஜெயித்தவன் உடனே ஆடாக உட்கார வேண்டும். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸில் அந்தப் பக்கம் போய் உட்கார எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. எதிரியின் ஊர் எரியும்போது யாரும் என்னை எழுப்பி அங்கே உட்கார வைக்கவுமில்லை.

போன பொங்கலுக்கு அந்த கிளாஸ்மேட் வீட்டுக்கு வந்திருந்தான். செம்மேட்டில் வண்டி ஓட்டுகிறான். ஓரி கதையைத் திறந்து காட்டினேன். கொல்லிப்பாவையை ஒரு நினைவுச்சின்னமாகக் காட்டுக்குள் ஒளித்து வைத்திருந்தேன், அதைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான். மரவண்டி ஓரியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு மௌஸை வாங்கிக்கொண்டான்.

ஒரு மரம் வெட்டவில்லை. நான் தொடக்கத்திலேயே கொடுத்திருந்த சந்தையைத் திறந்து, இருந்த பொன், கல், தானியம் எல்லாவற்றையும் பக்கத்து இரண்டு ராஜாக்களுக்கும் நூறு நூறாக அனுப்பினான். அதில் காரியும் உண்டு. "கழிவு போவுதுடா" என்றேன். "போவட்டும்" என்றான். கை காலியானதும் ஓரியை மலை உச்சிக்கு உருட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டுக் காபியை எடுத்தான்.

காரியின் குதிரைகள் பதினோராவது நிமிடம் மேலே ஏறின. ஓரி வரிசையாக நாலு பேரைத் துளைத்தான். ஐந்தாவது ஆள் கிட்டே வந்துவிட்டான்.

திரையில் தோல்வி என்று வந்ததும் அவன் டம்ளரைக் கீழே வைத்தான்.

"இன்னொருக்கா போடு. இப்ப நான் காரி."