விருந்து நாளும் முற்றத்து நாயும்

புத்தளம் மாவட்டக் கடற்கரையில் மூன்று சமயத்தாரின் விழாக்களும் ஆண்டுதோறும் நிகழ்வன. ஆடித் திங்களில் உடப்புத் திரௌபதை அம்மன் ஆலயத்தில் தீமிதி. கற்பிட்டிக் குடாநாட்டின் தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழா. புத்தளத்திலும் கற்பிட்டியிலும் நோன்புப் பெருநாள். விழா எதுவாயினும், அடுப்பு மூண்டதும் அழையா விருந்தாளி ஒன்று முற்றத்தில் வந்து படுத்துவிடும். கரைவலை இழுபடும்போது சிதறும் மீனுக்குக் காத்திருக்கும் நாய்தான் அது.

அதனை வெறுங்கையாய் அனுப்ப எந்தச் சமயமும் சொல்லவில்லை. திரௌபதையின் கதை முடியுமிடத்தில், தன்னைத் தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டு விண்ணுலகு புக மறுக்கிறான் தருமன். தாகத்தால் நாவறண்ட நாய்க்குக் கிணற்றில் இறங்கி நீர் முகந்து கொடுத்தவனின் பாவம் மன்னிக்கப்பட்டதாக நபிமொழி கூறும். மேசையினின்று விழும் துணிக்கைகளை நாய்களும் உண்ணுமே என்று கானானியப் பெண் இயேசுவிடம் வாதாடினாள்.

மனிதனின் மிச்சத்தை உண்டே நாய் நாயாயிற்று எனலாம். மாப்பொருளைச் செரிப்பதற்கான மரபணுவின் படிகள் ஓநாயைவிட நாயிடம் பன்மடங்கு மிகுந்திருப்பதைச் சுவீடன் நாட்டு ஆய்வாளர் 2013இல் வெளியிட்டனர். நாய்க்கென்று தனி உணவு செய்து விற்பதோ அண்மைக் காலத்து வழக்கம். 1860ஆம் ஆண்டளவில் இலண்டனில் அதைத் தொடங்கியவர் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர். துறைமுகத்தில் நாய்கள் கப்பல் பிஸ்கோத்தைத் தின்னக் கண்டு அவருக்கு அவ்வெண்ணம் பிறந்தது என்பர்.

ஆயினும் மிச்சமெல்லாம் நாய்க்கு ஒத்துக்கொள்ளும் என்ற பழைய நம்பிக்கை பிழையானது. வெங்காயம் தின்ற நாய்களின் குருதி குன்றுவதை அமெரிக்காவில் 1930இலேயே ஆராய்ந்து எழுதினர். உள்ளியும் அதே இனம். இதனினும் வியப்பானது முந்திரிகை வற்றலின் கதை. சமையலறையில் பிளம்ஸ் என வழங்கும் அவ்வற்றல் பொங்கலிலும் உண்டு, புரியாணியிலும் உண்டு, கிறிஸ்மஸ் கேக்கிலும் உண்டு. அது நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது இந்நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் தெளிவாயிற்று. அதிலுள்ள டார்டாரிக் அமிலமே காரணமாகலாம் என்று 2021இல் கால்நடை மருத்துவர் சிலர் எடுத்துரைத்தனர். அவ்வமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. ஆகவே புளிக்குழம்பு பிசைந்த சோறும் ஐயத்திற்குரியதே. தின்ற அன்று வாந்தி. ஓரிரு நாளில் சோர்வு. பின்னர் சிறுநீர் அற்றுப்போதல். விழா முடிந்து மூன்றாம் நாள் நேரும் சாவை விருந்தோடு யார் இணைத்துப் பார்ப்பர்?

வெந்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் கிழிக்கும். கரைவலையினின்று கழித்தெறியும் பேத்தை மீனின் நஞ்சு வேகவைத்தாலும் தீராது. அதை மணலில் விடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைப்பது நலம்.

நாய்க்கு இடுவதற்குப் பெருஞ்செலவு எதுவும் வேண்டியதில்லை. வெங்காயமும் உப்பும் புளியும் சேருமுன்னரே, வெறுஞ்சோற்றில் ஒரு பிடியும், முள் நீக்கி அவித்த மீனில் ஒரு துண்டும் எடுத்துச் சிரட்டையில் வைத்துவிடலாம். வாழையிலைகளையும் எலும்புகளையும் மூடிய கூடையில் இட்டு, விருந்தினர் கைகழுவி எழுமுன்னரே அப்புறப்படுத்தவேண்டும். பிளம்ஸ் தின்றுவிட்டதென்று தெரிந்தால், வாந்தி வரும்வரை பார்த்திராமல் அன்றே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்ல வேண்டும்.