துரையை மீட்ட மனு

வகுப்பில் வழக்குரை காதை படிப்பிக்கும்போதெல்லாம் ஒரு கேள்வி என்னை உறுத்தும். பாண்டியன் நெடுஞ்செழியன் நீதிமான்தான். பிழை தெரிந்ததும் உயிரையே விட்டான். ஆனால் அப்போது கோவலன் உயிரோடில்லை. அரசன் சொல்லுக்கும் கொலைவாளுக்கும் இடையில் நின்று, “விசாரித்தீர்களா?” என்று கேட்க அந்த மதுரையில் ஒரு மன்றம் இருக்கவில்லை.

நேயர்களே, அத்தகைய மன்றமொன்று நம் நாட்டில், அதுவும் அந்நியராட்சியில், தன் கடமையைச் செய்த கதையைச் சொல்கிறேன்.

மார்க் அந்தனி பிரேஸ்கேடில், 1936 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து தோட்டத்தொழில் பழக வந்த வெள்ளை இளைஞர். மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் சின்னத்துரையாகப் பயின்றார். லயன்களில் வாழ்ந்த தமிழ்த் தொழிலாளர் பக்கம் மனம் சாய்ந்தது, வேலை போயிற்று. லங்கா சமசமாஜக் கட்சியில் சேர்ந்தார். 1937 ஏப்ரலில் நாவலப்பிட்டிக் கூட்டமொன்றில் அவர் பேசியது தோட்டத்துரைமாருக்குப் பொறுக்கவில்லை. துரையே துரைமாரைக் குறை சொன்னால் தோட்டம் எப்படி நடக்கும்!

தேசாதிபதி சேர் ரெஜினால்ட் ஸ்டப்ஸ், 1896 ஆம் ஆண்டுக் கட்டளையொன்றைத் தூசு தட்டியெடுத்து, 48 மணித்தியாலத்துள் நாட்டைவிட்டு வெளியேறும்படி ஆணையிட்டார். விசாரணை இல்லை. இளைஞர் தலைமறைவானார். அரசாங்க சபை 34 க்கு 7 என்ற வாக்குகளால் கண்டித்தது. மே 5 இல் காலிமுகத்திடல் கூட்டத்தில் திடீரெனத் தோன்றியவரைச் சில நாட்களில் பொலிசார் பிடித்தனர்.

அப்பொழுதுதான் ஆட்கொணர்வு மனு உயர் நீதிமன்றம் சென்றது. எச். வி. பெரேரா வாதாடினார். பிரதம நீதியரசர் சேர் சிட்னி ஆபிரகாம்ஸும் இரு நீதியரசர்களும் அந்தக் கட்டளை எதற்காகப் பிறந்தது என்று பார்த்தார்கள். போர், பெருங்கலகம் போன்ற நெருக்கடிக்கென வகுத்த அதிகாரம் அது. அமைதிக்காலத்தில் மேடைப்பேச்சுக்காக ஒருவரைக் கப்பலேற்ற உதவாது. ஆணை செல்லாது என்றார்கள். இளைஞர் விடுதலையானார்.

தேசாதிபதியும் பிரதம நீதியரசரும் ஒரே முடியின் கீழ்ப் பணி செய்தவர்கள். இருந்தும் ஒருவரை மற்றவர் “எந்தச் சட்டப்படி?” என்று கேட்க முடிந்தது. ஸ்டப்ஸுக்குப் பாண்டியனின் மனச்சாட்சி இருந்ததோ என்னவோ, தீர்ப்பு அதில் தங்கியிருக்கவில்லை.

நாவலப்பிட்டியில் அவர் பேச்சைக் கேட்ட தொழிலாளருக்கோ இந்தப் பாதுகாப்பு வாய்க்கவில்லை. 1948 இன் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு வாக்கும் போயிற்று. இம்முறை ஆணையிட்டது தேசாதிபதியல்ல, பாராளுமன்றம். ஓர் இனத்துக்கு மட்டும் பாதகமான சட்டம் கூடாதென்ற 29 ஆம் பிரிவு அரசியலமைப்பில் இருக்கத்தான் செய்தது. அதை நம்பிக் கோடகன்பிள்ளை தொடுத்த வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில்வரை சென்று, 1953 இல் தோற்றது.