கடைசியில் நிற்பவனுக்கு முதல் தெரிவு



அசர் தொழுகை முடிந்து பிள்ளைகள் மைதானத்துக்கு வந்ததும் நடக்கும் முதல் வேலை பந்து உதைப்பதல்ல, ஆள் பிரிப்பது. இரண்டு பேர் தலைவர்களாக நிற்பார்கள். நாணயம் சுண்டி வென்றவன் முதலில் ஓர் ஆளைக் கூப்பிடுவான், அடுத்தவன் இன்னொருவனைக் கூப்பிடுவான். நன்றாக ஓடுபவன் முதலில் போவான், கோல் அடிப்பவன் அடுத்து. கடைசியில் இரண்டு மூன்று பேர் மணலைக் காலால் கிளறிக்கொண்டு நிற்பார்கள். "சரி, இவனையும் நீயே எடு" என்று ஒரு குரல் வரும். கிண்ணியாவிலோ மூதூரிலோ திருகோணமலை நகரிலோ வளர்ந்த நம்மில் பலர் அந்தக் கடைசி மூவரில் ஒருவராக ஒரு நாளாவது நின்றிருப்போம்.

இதே ஆள் பிரிப்பை அமெரிக்காவில் கோடிக்கணக்கான டொலர் புரளும் ஒரு தொழிலாக நடத்துகிறார்கள். அதற்கு டிராஃப்ட் என்று பெயர். நமது துறைமுகத்தில் வேலை செய்தவர்களிடம் அந்தச் சொல்லைச் சொன்னால், ஒரு கப்பல் தண்ணீருக்குள் எத்தனை அடி இறங்கி நிற்கிறது என்ற கணக்கு என்பார்கள். விளையாட்டில் அதன் பொருள் வேறு. புதிய வீரர்களை அணிகள் வரிசை முறையில் ஒவ்வொருவராகத் தெரிவு செய்வது. அந்த முறை எப்படி வந்தது, அதில் எங்கே பிழை விட்டார்கள், அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது என்பதைப் பற்றித்தான் இன்று எழுத நினைத்தோம். வலய மட்டப் போட்டிகளுக்கு அணி தெரியும் காலம் வரும்போதெல்லாம் மனதில் வந்து போகும் விடயம் இது.

அமெரிக்கர்கள் 'புட்போல்' என்று சொல்வது நமது உதைபந்தாட்டத்தை அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிவதும் பிடிப்பதுமான ஆட்டம் அது. 1930களில் அந்த லீக்கில் புதிய வீரர்களை யார் வேண்டுமானாலும் பேசி எடுத்துக்கொள்ளலாம். பணமும் பெயரும் உள்ள சிக்காகோ பியர்ஸ், நியூயோர்க் ஜயன்ட்ஸ் போன்ற அணிகளுக்கே நல்ல வீரர்கள் போனார்கள். வென்றவன் மேலும் வென்றான், தோற்றவன் மேலும் தோற்றான். பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பேர்ட் பெல், அடிமட்டத்தில் கிடந்த அணியை வைத்துக்கொண்டு 1935 இல் ஒரு யோசனையை முன்வைத்தார். பருவத்தில் கடைசியாக வந்த அணி முதலில் தெரிவு செய்யட்டும், முதலாவதாக வந்த அணி கடைசியில் தெரிவு செய்யட்டும் என்றார். பலமான அணிகளும் இதற்கு உடன்பட்டன. ஒரே அணி எப்போதும் வென்றால் பார்க்க ஆள் வராது என்பது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

1936 பெப்ரவரி 8 ஆம் திகதி பிலடெல்பியாவில் ஒரு ஹோட்டல் அறையில் முதலாவது டிராஃப்ட் நடந்தது. ஒன்பது அணிகள், ஒன்பது சுற்றுகள், 81 தெரிவுகள். இன்றுள்ளது போல வீரர்களைத் தேடித் திரியும் ஆட்கள் அன்று இல்லை. சுமார் 90 பெயர்களைக் கரும்பலகையில் எழுதி வைத்து, பத்திரிகையில் படித்ததையும் காதில் விழுந்ததையும் வைத்தே தெரிந்தார்கள். முதலாவதாகத் தெரிவான ஜே பேர்வேங்கர் அந்த லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் வேறு தொழிலுக்குப் போய்விட்டார்.

அந்தக் கரும்பலகையை நினைத்துப் பாருங்கள். பெயர் எழுதப்பட்டவனுக்கு மட்டுமே வாய்ப்பு. 1934 முதல் 1945 வரை அந்த லீக்கில் ஒரு கறுப்பின வீரர்கூட ஆடவில்லை. அந்த டிராஃப்டில் ஒரு கறுப்பின வீரர் முதன்முறையாகத் தெரிவானது 1949 இல்தான். அவர் ஜோர்ஜ் டாலியபெரோ. கடைசி அணிக்கு முதல் தெரிவு என்ற நீதியான விதி 13 வருடங்களாக நடைமுறையில் இருந்தும், ஒரு கூட்டத்தின் பெயரே பலகையில் ஏறவில்லை. விதி நீதியாக இருந்தால் மட்டும் போதாது, பட்டியலும் நீதியாக இருக்க வேண்டும் என்பதை மாணவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் நமக்குக் கிடைக்கவில்லை.

இனி அடுத்த கேள்விக்கு வருவோம். பட்டியலில் இருப்பவர்களில் நல்லவனை எப்படி அடையாளம் காண்பது? அந்த ஆட்டத்தில் 'வைட் ரிசீவர்' என்று ஓர் இடம் இருக்கிறது. நமது உதைபந்தாட்டத்தில் கரையோரம் ஓடும் விங்கரைப் போல மைதானத்தின் ஓரத்தில் நின்று, முன்னோக்கி ஓடி, தூரத்திலிருந்து வரும் பந்தைப் பிடிப்பவன். மேலோட்டமாகப் பார்த்தால் வேகமாக ஓடுபவன்தான் இதற்குச் சரியான ஆள். ஆகவே டிராஃப்டுக்கு முன்னர் ஒவ்வொரு வருடமும் இளைஞர்களை ஒன்றுகூட்டிச் சோதிக்கும்போது, 40 யார் தூரத்தை, அதாவது 36 மீற்றருக்குச் சற்று மேல், எத்தனை வினாடியில் ஓடுகிறான் என்று அளக்கிறார்கள்.

2017 இல் ஜோன் ரொஸ் என்ற இளைஞர் அதை 4.22 வினாடியில் ஓடி அன்றைய சாதனையைப் படைத்தார். சின்சினாட்டி அணி அவரை ஒன்பதாவது ஆளாக அள்ளிக்கொண்டது. அதே வருடம் கூப்பர் கப் என்ற இன்னொருவர் 4.62 வினாடி எடுத்தார். அவர் ஆடியது இரண்டாம் தரப் போட்டிப் பிரிவில் உள்ள கிழக்கு வொஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு. ஆனால் அங்கே நான்கு வருடத்தில் 428 பந்துகளைப் பிடித்திருந்தார். மெதுவாக ஓடுகிறார், சிறிய இடத்திலிருந்து வருகிறார் என்று அணிகள் தயங்கின. 68 பேர் போன பிறகு 69 ஆவது ஆளாக லொஸ் ஏஞ்சலிஸ் ரேம்ஸ் அணி அவரை எடுத்தது.

முடிவு என்ன? காயங்களும் துரத்த, ரொஸ் தனது முதல் பருவத்தில் ஒரு பந்தைக்கூடப் பிடிக்கவில்லை. நான்கு பருவங்களில் சின்சினாட்டியை விட்டு வெளியேறினார். கப் 2021 பருவத்தில் 145 பந்துகளைப் பிடித்து 1,947 யார்களைச் சேர்த்து லீக்கிலேயே முதலிடம் பெற்றார். தொடர்ந்து 2022 பெப்ரவரியில் நடந்த இறுதிப் போட்டியில் சிறந்த வீரரும் அவரே. அணிகள் நான்கு வினாடி ஓட்டத்தை நம்பின, நான்கு வருட ஆட்டத்தை நம்பவில்லை.

இதற்கு முன்னரும் ஒரு பாடம் இருந்தது. ஜெரி ரைஸ் மிசிசிப்பி மாநிலத்தில் கொத்தனார் ஒருவரின் மகன். வாப்பாவோடு வேலைக்குப் போய், சகோதரர்கள் கீழிருந்து எறியும் செங்கற்களைப் பிடித்துப் பிடித்து அவருடைய கை பழகியது. பெரிய அணிகள் எட்டிப் பார்க்காத ஒரு சிறிய கறுப்பினக் கல்லூரியில் படித்தார். 1985 இல் சான் பிரான்சிஸ்கோ அணி அப்போதுதான் கிண்ணத்தை வென்றிருந்ததால் அதன் முறை 28 ஆவதாக வரவேண்டும். அதுவரை காத்திருந்தால் ரைஸ் கிடைக்கமாட்டார் என்று கணக்குப் போட்டு, தனது முதல் மூன்று சுற்றுத் தெரிவுகளையும் இன்னோர் அணிக்குக் கொடுத்து, பதிலாக 16 ஆவது தெரிவையும் ஒரு மூன்றாம் சுற்றுத் தெரிவையும் வாங்கியது. ரைஸை விட வேகமாக ஓடுபவர்கள் அன்று பலர் இருந்தார்கள். ஓய்வு பெறும்போது அவர் சேர்த்திருந்தது 22,895 யார்கள். அந்தச் சாதனையை இன்றுவரை எவரும் நெருங்கவில்லை.

அப்படியானால் நல்ல ரிசீவரிடம் எதைப் பார்க்க வேண்டும்? எதிராளி எதிர்பாராத கணத்தில் திசை மாற்றுகிறானா, ஒவ்வொரு தடவையும் எறிபவன் எதிர்பார்க்கும் இடத்தில் வந்து நிற்கிறானா, பக்கத்தில் ஆள் மோதும்போதும் பந்தைக் கைவிடாமல் இருக்கிறானா, பிழைத்த பந்துக்குப் பிறகு அடுத்த பந்துக்கும் அதே மனதோடு ஓடுகிறானா என்பவற்றைத்தான். இவற்றில் எதையும் ஒரு நாளில் நிறுத்தற்கடிகாரத்தை வைத்து அளக்க முடியாது. பல நாள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும்.

இந்த முறை நமது பக்கத்துக்கும் வந்தது. இந்தியன் சுப்பர் லீக் உதைபந்தாட்டம் 2014 இல் தொடங்கியபோது உள்நாட்டு வீரர்கள் பலரை டிராஃப்ட் மூலம் பிரித்தார்கள். இலங்கையில் லங்கா பிரீமியர் லீக் கிரிக்கெட்டுக்காக 2020 ஒக்டோபர் 19 ஆம் திகதி டிராஃப்ட் நடந்தது. கொழும்பு, தம்புள்ளை, காலி, யாழ்ப்பாணம், கண்டி என்று ஐந்து அணிகள். 2023 இல் டிராஃப்டை விட்டு ஏலத்துக்கு மாறினார்கள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. டிராஃப்டில் வரிசை தீர்மானிக்கிறது, ஏலத்தில் பணம் தீர்மானிக்கிறது.

யாழ்ப்பாணத்தின் பெயரில் ஓர் அணி வந்ததால் நடந்த ஒரு விடயத்தைக் கவனியுங்கள். விஜயகாந்த் வியாஸ்காந்த் என்ற யாழ்ப்பாணத்துச் சுழற்பந்து வீச்சாளருக்கு அந்த அணியில் இடம் கிடைத்தது. 2020 டிசம்பர் 4 ஆம் திகதி, 19 வயது பூர்த்தியாவதற்கு முதல் நாள், ஹம்பாந்தோட்டையில் தனது முதல் ஆட்டத்தில் அஞ்சலோ மெத்தியூஸின் விக்கெட்டை எடுத்தார். 2024 இல் வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஐ.பி.எல். இல் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் அணிக்கும் போனார். திறமை அவருடையது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தத் திறமையைப் பார்க்க ஒரு கண் தேவைப்பட்டது. கிழக்கின் பெயரில் அந்த லீக்கில் ஓர் அணி வரவில்லை. இதை ஒரு குறையாக மட்டும் சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை. நமது பலகையில் நாம் யாருடைய பெயரை எழுதாமல் விடுகிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

நாமே செய்த பிழையைச் சொல்கிறோம். சில வருடங்களுக்கு முன் பாடசாலை அணிக்கு இரண்டு விங்கர்களைத் தெரிய வேண்டியிருந்தது. எல்லோரையும் 100 மீற்றர் ஓடவிட்டு, முதலில் வந்த இருவரை எடுத்தோம். கடலுக்குப் போகும் குடும்பத்துப் பையன் ஒருவன் ஏழாவதோ எட்டாவதோ வந்தான். பிறகு பார்ப்போம் என்று அனுப்பிவிட்டோம். நாம் எடுத்த இருவரும் பந்தை விட வேகமாக ஓடினார்கள், பந்து பின்னால் கிடந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு கழகப் போட்டியில் அதே பையனைப் பார்த்தோம். இடது கரையில் நின்றான். அதிகம் ஓடவில்லை. ஆனால் பந்து எங்கே விழுமோ அங்கே ஏற்கனவே நின்றான். ஆட்டம் முடிந்து போய்ப் பேசினோம். "இப்ப வாப்பாவோட கடலுக்குப் போறன் சேர்" என்றான். பாடசாலை அணிக்கான வயதெல்லையும் தாண்டியிருந்தது. அவன் நம்மைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நமக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை நகரத்துக்குப் போக நமக்குத் தோணிப் பாதைதான். தெரிவுப் போட்டி நகரத்தில் நடந்தால், பாதை பிந்திய நாளில் பிள்ளையின் வாய்ப்பும் போய்விடும். யுத்தமும் 2004 சுனாமியும் 2006 இடப்பெயர்வும் எத்தனை பிள்ளைகளின் விளையாட்டு வயதைத் தின்றன என்பது பெரியவர்களுக்குத் தெரியும். அன்று வழி இல்லை என்று சொன்னோம். இன்று பாலம் இருக்கிறது. இன்னும் பெயர் ஏறாமல் இருந்தால் அது தூரத்தின் குற்றமல்ல.

ஆகவே நமது ஆசிரியர்கள், கழகங்கள், பெற்றோர்கள் முன் மூன்று விடயங்களை வைக்கிறோம். ஒன்று, தெரிவை ஒரே நாளில் முடிக்காமல் குறைந்தது நான்கு மாலைகளாவது ஆட்டத்தைப் பார்ப்போம். இரண்டு, ஒவ்வொரு கழகமும் ஒரு கொப்பி வைத்து, தன் பகுதியில் ஆடும் பிள்ளைகளின் பெயர்களையும் அவர்கள் எதில் கெட்டிக்காரர்கள் என்பதையும் எழுதி வைக்கட்டும். மைதானத்துக்கு வர முடியாமல் மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளையின் பெயரும் அதில் இருக்க வேண்டும். மூன்று, தெரிவுக்குப் பார்வையாளர்கள் போகும்போது தூரத்துக் கிராமத்திலிருந்து தொடங்கி நகரத்துக்கு வரட்டும். பேர்ட் பெல் சொன்ன வரிசை அதுதான்.

இந்த மாதம் நாம் அந்தக் கொப்பியைத் தொடங்கியிருக்கிறோம். முதல் பக்கத்தில் எழுதியது ஆள் பிரிக்கும்போது கடைசியாக நிற்கும் பிள்ளைகளின் பெயர்களை. உங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் அப்படி நிற்கும் பிள்ளை இருந்தால், மஃரிபுக்கு முன் ஒரு பத்து நிமிடம் நின்று பாருங்கள். பார்த்ததை நமக்கும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அடுத்த தெரிவில் அவனுக்கும் ஒரு பந்து கிடைக்கும்.