மேலூர் முதல் தேனி வரை: மதுரை வட்டாரத்துக் கணினி வலையமைப்புகள்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட கணினிகள் தகவல் பரிமாறிக்கொள்ளும்படி இணைக்கப்பட்டால் அது கணினி வலையமைப்பு, அதாவது நெட்வொர்க் எனப்படும். பாடப்புத்தகங்கள் இதைத் தூரத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கின்றன. ஓர் அலுவலகத்துக்குள்ளோ கல்லூரி ஆய்வகத்துக்குள்ளோ இருப்பது லேன். ஒரு நகரம் முழுவதும் பரவியிருப்பது மேன். ஊர், நாடு, கண்டம் எல்லாம் தாண்டிச் செல்வது வேன். இணையம் இந்த மூன்றாவது வகையின் மிகப் பெரிய வடிவம்.

தேர்வில் மதிப்பெண் வாங்க இந்தப் பிரிவு போதும். ஆனால் ஒரு வலையமைப்பு நிலைக்குமா, பாதியில் நின்றுபோகுமா என்பதைத் தூரம் மட்டும் தீர்மானிப்பதில்லை. மதுரையைச் சுற்றி 2000-களில் நடந்த இரண்டு முயற்சிகள் இதற்கு நல்ல உதாரணங்கள்.

கம்பி போகாத கிராமங்கள்

அமெரிக்காவில் 1969-இல் அர்பாநெட் நான்கு கணினிகளோடு தொடங்கியது. இந்தியாவில் 1986-இல் எர்நெட் திட்டம் உயர்கல்வி நிறுவனங்களை இணைக்க ஆரம்பித்தது. 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணையச் சேவையைத் திறந்துவிட்டது. ஆனால் அன்று இணையம் வேண்டுமென்றால் முதலில் தொலைபேசி இணைப்பு வேண்டும். சில நூறு வீடுகள் உள்ள ஒரு கிராமத்துக்குச் செம்புக் கம்பி இழுத்தால் போட்ட பணம் திரும்பாது. அதனால் இணையம் நகரத்தோடு நின்றுவிட்டது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலா தலைமையிலான டெனெட் குழு இதற்கு ஒரு வழி கண்டது. அவர்களும் மைடாஸ் நிறுவனமும் அமெரிக்காவின் அனலாக் டிவைசஸ் நிறுவனத்துடன் சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட் தொழில்நுட்பத்தில் கம்பிக்குப் பதில் ரேடியோ அலை பயன்பட்டது. தடையில்லாத நேர்பார்வை இருந்தால் ஒரு கோபுரத்திலிருந்து சுமார் 10 கிலோமீட்டர் சுற்றளவில் உள்ள ஊர்களுக்கு இணைப்புத் தரலாம். பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்தலாம். வேகம் நொடிக்கு 35 அல்லது 70 கிலோபிட்.

மேலூரில் நடந்தது

இந்தத் தொழில்நுட்பத்தை வைத்து 2001 நவம்பரில் மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் 'சாரி' திட்டத்தின் முதல் கிராம இணைய மையங்கள் திறக்கப்பட்டன. ஐ.ஐ.டி., ஹார்வர்டு பல்கலைக்கழகம், எம்.ஐ.டி., என்-லோக் நிறுவனம் ஆகியவை இதில் பங்கெடுத்தன. சில ஆண்டுகளில் மையங்களின் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. பல மையங்களை உள்ளூர்க்காரர்கள் சொந்த முதலீட்டிலும் கடனிலும் நடத்தினார்கள்.

அங்கே கணினிப் பயிற்சி உண்டு, மின்னஞ்சல் உண்டு. கண்ணைப் படமெடுத்து அரவிந்த் கண் மருத்துவமனைக்கு அனுப்பி ஆலோசனை பெறவும் முடிந்தது. மிக முக்கியமானது அரசுச் சேவை. பிறப்பு, இறப்புச் சான்றிதழ், முதியோர் உதவித்தொகை போன்றவற்றுக்குக் கிராமத்திலிருந்தே தாலுகா அலுவலகத்துக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் பஸ் ஏறி மேலூர் போக வேண்டியதில்லை. இந்த வசதி இருந்த கிராமங்களிலிருந்து விண்ணப்பங்கள் அதிகரித்ததாகப் பின்னர் வந்த ஆய்வு கூறியது.

ஆனால் அது நீடிக்கவில்லை. ஆர்வம் காட்டிய அதிகாரிகள் மாற்றலாகிப் போனார்கள். மின்னஞ்சலில் வந்த விண்ணப்பங்களைக் கவனிக்கும் நடைமுறையும் தளர்ந்தது. பதில் வராத மையத்துக்கு மக்கள் ஏன் வரப்போகிறார்கள்? வருமானம் குறைந்தது, கடனும் இணைப்புக் கட்டணமும் அப்படியே இருந்தன. 2005-க்குள் பல மையங்கள் மூடப்பட்டன. கோபுரம் நின்றது, அலையும் வந்தது. மறுமுனையில் பதில் சொல்லத்தான் ஆள் இல்லை.

தேனியில் நடந்தது

1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனைக்குத் தேனியிலும் ஒரு கிளை உண்டு. 2005-ஐ ஒட்டி அந்தக் கிளையை, சுற்றியுள்ள ஐந்து சிறு கண் பரிசோதனை மையங்களோடு இணைக்க கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வுக் குழு உதவியது.

அவர்கள் எடுத்துக்கொண்டது வைஃபை. அதாவது ஒரு கட்டடத்துக்குள் வேலை செய்ய உருவான லேன் தொழில்நுட்பம். ஒவ்வொரு தகவல் பொட்டலம் அனுப்பியதும் 'கிடைத்தது' என்ற பதிலுக்கு வைஃபை மிகச் சிறிது நேரமே காத்திருக்கும். தூரம் கூடினால் பதில் வருவதற்குள் பொட்டலம் தொலைந்துவிட்டதாக நினைத்து மறுபடி அனுப்பும். பெர்க்லி குழு மென்பொருளை மாற்றி, இரு முனைகளுக்கும் பேச முறை வைத்துக் கொடுத்தது, பல பொட்டலங்களுக்கு மொத்தமாக ஒரே பதில் வரும்படியும் செய்தது. இப்படி 15 கிலோமீட்டர் வரை இணைப்பு கிடைத்தது. ஆன்டெனா வைக்கக் கோபுரங்களோடு, ஒரு நூற்பாலை வளாகத்து மின் நிலையத்தின் புகைபோக்கிகூடப் பயன்பட்டது!

இங்கும் சிக்கல் இல்லாமல் இல்லை. மின்சார ஏற்ற இறக்கத்தால் கருவிகள் அடிக்கடி பழுதாயின. ஆனால் பழுதைப் பார்க்க உள்ளூர் ஊழியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. நோயாளி மையத்தில் அமர்ந்தால் மறுமுனையில் டாக்டர் வீடியோவில் பேசினார். அறுவை சிகிச்சை தேவைப்பட்டவர்கள் மட்டும் மருத்துவமனைக்குப் போனால் போதும்.

கணக்குப் பார்த்தால்

மேலூரில் லாபமோ நஷ்டமோ தனி ஆளின் தலையில் விழுந்தது, சேவை தருவதோ வேறொரு அலுவலகத்தின் கையில் இருந்தது. தேனியில் இணைப்பின் செலவும் அதன் பலனும் ஒரே நிறுவனத்தின் கணக்கில் வந்தன. இன்று அரவிந்துக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கண் பரிசோதனை மையங்கள் இருக்கின்றன.

மேலூர் முயற்சி வீண் என்று சொல்லிவிட முடியாது. இன்று இ-சேவை மையங்களில் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும் முறையை அந்தக் கிராமங்கள் முன்பே பார்த்துவிட்டன. லேனோ, மேனோ, வேனோ, அதன் வேகத்தையும் தூரத்தையும் கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்தப் பக்கம் பதில் சொல்லப் போவது யார்? அவர் மாற்றலாகிப் போனால் அடுத்து யார்?