ஏடிஎச்டி உள்ள குழந்தைகளின் கண்ணசைவும் பார்வைக் கவனமும்

கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு (ஏடிஎச்டி) உள்ள குழந்தைக்குக் கண் தெளிவாகத் தெரிந்தாலும், பார்வையை ஓரிடத்தில் நிறுத்திவைப்பது கடினமாக இருக்கலாம். படிக்கும்போது யாருடைய கண்ணும் வரியில் வழுக்கிக்கொண்டு போவதில்லை. ஒரு சொல்லில் ஏறக்குறையக் கால் விநாடி நின்று அடுத்ததற்குத் தாவுகிறது. எங்கே நிற்பது, எப்போது தாவுவது, எதைப் பார்க்காமல் விடுவது என்பதில் மூளையின் முன்பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. ஏடிஎச்டியில் தளர்ந்திருப்பது பெரும்பாலும் இந்தத் தடுக்கும் ஆற்றல்தான்.

இதை அளக்க எதிர்த்திசைத் தாவல் சோதனை பயன்படுகிறது. குழந்தை திரையின் நடுப்புள்ளியைப் பார்த்திருக்கும். வலப்புறம் திடீரென ஒளி தோன்றும். அதைப் பார்க்காமல் இடப்புறம் பார்க்க வேண்டும். சின்ன வயதில் எல்லாருமே தவறுவார்கள். வளர வளரத் தவறு குறையும். கனடாவின் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் முனோஸ் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், ஏடிஎச்டி உள்ளவர்கள் மற்றவர்களைவிட அதிகம் தவறினார்கள். சும்மா புள்ளியைப் பார்க்கச் சொன்னபோதும் அவர்கள் கண் இடையிடையே விலகி ஓடியது. ஆனாலும் இரு தரப்பு அளவுகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுவதால், கண்ணசைவை மட்டும் வைத்து நோயை உறுதிசெய்ய முடியாது.

தமிழ்நாட்டில் ஏடிஎச்டியை அடையாளம் காண்பதில் இன்னொரு சிக்கல் உண்டு. கோவை மாவட்டப் பள்ளிகளில் 6 முதல் 11 வயதுள்ள 770 குழந்தைகளிடம் நடத்தி 2013-இல் வெளியான ஆய்வு, 11.32 விழுக்காட்டினருக்கு ஏடிஎச்டி இருப்பதாகக் கணித்தது. தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளிக் குழந்தைகளிடம் சென்னை சங்கர நேத்ராலயா குழுவினர் நடத்தி 2017-இல் வெளியிட்ட ஆய்விலோ, ஏறக்குறைய ஆறில் ஒருவருக்குக் கண்கள் உள்நோக்கிக் குவிவதில் குறை காணப்பட்டது. இக்குறை உள்ள பிள்ளைக்கு எழுத்து இரண்டாகத் தெரியும், வரி மாறிப்போகும், தலை வலிக்கும். சற்று நேரத்தில் புத்தகத்தை மூடிவிடும். வகுப்பில் அதற்குக் கிடைக்கும் பெயர் "பராக்குப் பார்க்கிறான்" என்பதே. ஏடிஎச்டியும் இந்தக் குவிப்புக் குறையும் ஒரே குழந்தையிடம் சேர்ந்தும் வரலாம்.

ஆகவே, மதுரை–திருச்சி நெடுஞ்சாலையில் உள்ள கொட்டாம்பட்டி போன்ற ஊர்களிலும், பிள்ளையைத் திட்டுவதற்குமுன் கண்ணைப் பார்த்துவிடுவதே நியாயம். பென்சில் முனையை மூக்கை நோக்கி மெல்லக் கொண்டுவந்தால், எந்த இடத்தில் ஒரு கண் வெளியே விலகுகிறது என்று தெரிந்துவிடும். 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டம் (ஆர்.பி.எஸ்.கே.) அரசுப் பள்ளிகளில் பரிசோதிக்கும் குறைகளில் பார்வைக் குறையும் ஏடிஎச்டியும் இரண்டுமே உள்ளன. மேற்கொண்டு பார்க்க மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையும் அரசு ராஜாஜி மருத்துவமனையும் இருக்கின்றன.

ஏடிஎச்டி என்று மருத்துவர் முடிவுசெய்ய, அறிகுறிகள் 12 வயதுக்குமுன் தொடங்கி, குறைந்தது 6 மாதம் நீடித்து, வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது தென்பட வேண்டும். கண் பயிற்சி குவிப்புக் குறையைச் சரிசெய்ய உதவும். ஏடிஎச்டிக்கு அது சிகிச்சையாகாது. அதற்குப் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் தரும் நடத்தைப் பயிற்சியும், தேவைப்பட்டால் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்தும் தரப்படுகின்றன.