மலைக்கு அந்தப் பக்கம் வேலை, இந்தப் பக்கம் வைத்தியம்: 'ஆபா' எண் எப்படி உதவும்?

போடியில் இருந்து விடியும் முன்பே ஜீப் ஏறும் ஏலத்தோட்டத் தொழிலாளர்களுக்கு வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளாவில். நடுவில் 17 கொண்டை ஊசி வளைவுகளோடு போடிமெட்டு மலைப்பாதை. சுகர், பிரஷர் மாத்திரை வாங்குவது போடி அரசு மருத்துவமனையில். ஆனால் தோட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்தால், இடுக்கி பக்கம் எது கிட்டேயோ அங்கேதான் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.

அங்கே டாக்டர் கேட்பார்: "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"வெள்ளை கலர்ல, சின்னதா இருக்கும் சார்." சீட்டு போடி வீட்டு பீரோவில் இருக்கும்!

ஆபா எண் என்றால் என்ன?

ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் 2021 செப்டம்பர் 27-ல் நாடு முழுவதும் தொடங்கப்பட்டது. அதில் தரப்படும் 14 இலக்க எண்தான் ஆபா. ஆதார் அல்லது ஓட்டுநர் உரிமம் இருந்தால் இலவசமாக எடுக்கலாம், கட்டாயம் இல்லை. பலர் நினைப்பதுபோல இது காப்பீட்டு அட்டையும் இல்லை.

உங்கள் ரிப்போர்ட்டுகள் எல்லாம் டெல்லியில் ஒரே இடத்தில் குவிவதில்லை. அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். வேறு டாக்டர் பார்க்க வேண்டுமானால் நீங்கள் சம்மதிக்க வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறவும் முடியும்.

டாக்டருக்கு என்ன லாபம்?

நெஞ்சுவலி என்று வருபவரின் பழைய இ.சி.ஜி. கிடைத்தால், இப்போது தெரியும் மாற்றம் புதுசா, முன்பே இருந்ததா என்று ஒப்பிடலாம். பென்சிலின் அலர்ஜி இருப்பது தெரிந்தால் அந்த ஊசியைத் தவிர்க்கலாம். கிட்னி பாதிப்பு உள்ளவருக்கு வலி மாத்திரை எழுதும் முன் யோசிக்கலாம். நேற்று எடுத்த ரத்தப் பரிசோதனையை இன்றைக்கு மறுபடி எடுக்க வேண்டியதில்லை. தினக்கூலிக்குப் போகிறவருக்கு அது பெரிய விஷயம்.

எண் எடுத்தால் மட்டும் போதுமா?

போதாது. சிகிச்சை பெறும் மருத்துவமனை இந்தத் திட்டத்தில் இணைந்திருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஆபா எண்ணைச் சொல்லிப் பதிவை இணைக்க வேண்டும். கேரள அரசு மருத்துவமனைகளில் 'இ-ஹெல்த்' என்று தனி மென்பொருளும், நோயாளிக்குத் தனி எண்ணும் உண்டு. அந்த எண்ணை ஆபா என்று குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஓ.டி.பி. வரும் செல்போன் நம்பரை மாற்றியிருந்தால் முதலில் அதைப் புதுப்பியுங்கள். மலையில் சிக்னல் கிடைக்காத இடங்களும் உண்டு. அதனால் மருந்துச் சீட்டை போட்டோ எடுத்து போனிலேயே வையுங்கள், ஒரு ஜெராக்ஸ் சாப்பாட்டுப் பையிலும் இருக்கட்டும்.