வானிலிருந்து வானொலிக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தென்பகுதியிலே கறுப்பின மக்கள் தலைநிமிர்ந்து நடப்பதே குற்றமாகக் கருதப்பட்ட காலம் ஒன்றிருந்தது. அக்காலத்திலே, 1920ஆம் ஆண்டில், டெக்சாஸ் மாநிலத்துச் சான் அந்தோனியோ நகரிற் பிறந்தவர் பெர்சி சட்டன். பதினைந்து பிள்ளைகளுள் இவரே கடைசிப் பிள்ளை. தந்தையார் அடிமையாகப் பிறந்து, பாடசாலை அதிபராக உயர்ந்தவர்.

பதின்மூன்று வயதில், வெள்ளையர் வாழும் பகுதியில் உரிமைச் சங்கமொன்றின் துண்டுப்பிரசுரங்களை வழங்கியமைக்காகப் பெர்சி ஒரு பொலிஸ்காரரிடம் அடிபட்டார். வளர்ந்தபின் விமானம் ஓட்டப் பழகி, ஆகாயத்திலே வித்தைகள் காட்டினார். நண்பர் ஒருவர் விமான விபத்துக்குள்ளானதும் அத்தொழிலைக் கைவிட்டார்.

இரண்டாம் உலகப் போரின்போது விமானப் படையிற் சேரச் சென்றவரைத் தென்மாநில அதிகாரிகள் திருப்பியனுப்பினர். சட்டன் நியூயோர்க் சென்று படையிற் சேர்ந்தார். டஸ்கீகி விமானிகள் எனப் புகழ்பெற்ற கறுப்பின வீரரின் 332ஆவது அணியிலே புலனாய்வு அதிகாரியாகப் பணியாற்றினார்.

போர் முடிந்தது; நிறவேற்றுமை முடியவில்லை. சட்டன் தபாற் கந்தோரிலும் சுரங்க ரயிலிலும் வேலைபார்த்தபடியே சட்டம் பயின்று, ஹார்லம் பகுதியில் வழக்கறிஞரானார். மல்கம் எக்ஸ் அவருடைய கட்சிக்காரருள் ஒருவர். பல தேர்தல்களிலே தோற்றபின், 1964இல் நியூயோர்க் மாநிலச் சட்டசபைக்குத் தெரிவானார். 1966 முதல் 1977 வரை மன்ஹட்டன் பகுதியின் தலைவராக விளங்கினார்.

அப்பதவியில் இருந்த காலத்திலேதான் அவருடைய பெருமுயற்சி ஒன்று கைகூடியது. டபிள்யூ. எல். ஐ. பி. என்னும் நியூயோர்க் வானொலி நிலையத்தின் நேயர்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர், உரிமையாளரோ வெள்ளையர். 1971இல் சட்டனும் கூட்டாளிகளும் அதனை விலைக்கு வாங்கினர். தம் மக்களின் பாட்டு ஒலித்தால் மட்டும் போதாது, எதனைப் பேசுவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமையும் அவர்களுக்கு வேண்டும் என்பது அவருடைய எண்ணம். 1981இல், நலிந்து கிடந்த புகழ்பெற்ற அப்பலோ அரங்கையும் வாங்கி, அழியாது காத்தார்.

1977இல் நியூயோர்க் மேயர் பதவியை நாடிச் சட்டன் தோல்வியுற்றார். பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்து, 1989இல், அவருடைய நண்பர் டேவிட் டிங்கின்ஸ் அந்நகரின் முதலாவது கறுப்பின மேயராகத் தெரிவானார். அவ்வெற்றிக்கு மக்களைத் திரட்டியவற்றுள் சட்டனின் வானொலி நிலையமும் ஒன்று.

2009ஆம் ஆண்டு டிசம்பரிலே சட்டன் காலமானார். தமக்குக் கிட்டாத பதவி தம்மவர் ஒருவருக்குக் கிட்டியதைக் காணும் பேறு அவருக்கு வாய்த்திருந்தது.